கட்டில் கட்டுகிறவரின் ஊசி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் காலனியில் நடக்கிற படிப்பு மையத்துக்கு வந்த மாணவி ஒருத்தி, பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. ‘புறநானூற்றில் உவமை’ என்று கல்லூரிக்கு எழுதிய அசைன்மெண்ட் அது. மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தி முழுவதையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘உரைக்கு மாறானது. திருத்தி எழுதுக’ என்று எழுதியிருந்தது.

“என்னக்கா தப்பு இதுல?”

படித்துப் பார்த்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் நான் அவளிடம் சொன்னது வேறு. “மார்க்கு போயிடும். கைடுல இருக்கிறத எழுதிக் குடுத்துடு. உன் கருத்த நம்ம கூட்டத்துல பேசலாம்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தாள்களை மடித்து வைத்துக்கொண்டாள். சமூகவியலில் முதுகலை முடித்து, பத்து வருடத்துக்கு மேல் களத்தில் வேலை செய்கிற நான், “கேள்வி கேளுங்க, கேள்வி கேளுங்க” என்று மேடைக்கு மேடை சொல்கிற நான் கொடுத்த ஆலோசனை இது. அன்று இரவு அது எனக்கு உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். புறநானூற்றின் 82-ஆம் பாட்டு. பாடியவர் சாத்தந்தையார். பாடப்பட்டவன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழன். ஆமூர் மல்லன் என்பவனோடு அவன் மோதிய சண்டையைத்தான் 80, 81, 82 என்று அடுத்தடுத்து மூன்று பாட்டில் சாத்தந்தையார் பாடுகிறார். 82 ஆறே அடிதான். அந்த ஆறு அடியில் பெரும்பகுதி அரசனைப் பற்றியே இல்லை. கட்டில் பின்னுகிற ஒரு மனிதரைப் பற்றியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் பெண்ணுக்குப் பிரசவ வலி. மழை விழுந்துகொண்டிருக்கிறது. பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே அவர் கட்டிலுக்கு வார் கோத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ, அதைவிட வேகமாக நடந்து முடிந்ததாம், ஊரைப் பிடிக்க வந்தவனோடு அந்த அரசன் போட்ட சண்டை. அவ்வளவுதான் பாட்டு.

அந்தக் கட்டில் கட்டுகிற மனிதருக்குப் பாட்டில் பெயர் கிடையாது. ‘இழிசினன்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

வகுப்பில் அந்தச் சொல் வந்தபோது என்ன நடந்தது என்று பிறகுதான் சொன்னாள். பேராசிரியர் பாட்டை வாசித்து, “இழிசினன் என்றால் தாழ்ந்த குலத்தவன்” என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாராம். முன் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் திரும்பி இவளைப் பார்த்தார்களாம். யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். நம்மில் பலருக்கு இந்தப் பார்வை பழக்கம். சமூக அறிவியல் பாடத்தில் ‘தீண்டாமை’ வரும்போது இதே பார்வை வரும், வருகைப் பதிவோடு உதவித்தொகைப் பட்டியல் வாசிக்கும்போதும் வரும். சங்க இலக்கிய வகுப்பிலும் வரும் என்று நான் நினைத்ததில்லை, ஏனென்றால் நான் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள் இல்லை.

எனக்குச் சங்க இலக்கியம் அறிமுகமானது கூட்டங்களில். புறநானூறு 335-இல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளை மாங்குடி கிழார் சொல்கிறார். இவற்றைத் தவிர வேறு குடி இல்லை என்கிறார். நாமெல்லாம் இந்தப் பாட்டைத் துண்டறிக்கையில் போட்டிருக்கிறோம், மேடையில் முழங்கியிருக்கிறோம். நானும்தான். நம் பெயர் இழிவின் பெயராக இல்லாமல் ஊரின் பெருமையாகச் சொல்லப்பட்ட ஒரு காலம் இருந்தது என்று காட்ட அந்தப் பாட்டு நமக்குத் தேவைப்பட்டது, இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு வேண்டிய சான்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கைடு எழுதுகிறவர் தனக்கு வேண்டிய இரண்டு மதிப்பெண் விடையை எடுத்துக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

இவள் அப்படிப் படிக்கவில்லை. கைடில் இருந்தது இது: ‘திருவிழா, பிரசவம், மழை, மாலை ஆகிய நான்கும் கட்டில் பின்னுபவனை விரைவுபடுத்துகின்றன. எனவே ஊசி மிக வேகமாகச் செல்கிறது. அரசனின் போர் அதனினும் விரைவானது.’ இவள் எழுதி அடிபட்ட பத்தி இப்படிப் போகிறது: ‘இந்த நான்கில் திருவிழாவும் பிரசவமும் அவரை அவசரப்படுத்துகின்றன. மழையும் இருட்டும் அவரைத் தடுக்கின்றன. அவசரமும் தடையும் ஒரே நேரத்தில் இருப்பதால் இந்த உவமையில் தெரிவது வேகம் மட்டும் இல்லை, பயமும் தெரிகிறது. எனவே இந்தப் பாட்டின் தொனி வெற்றிப் பெருமிதத் தொனி என்று சொல்ல முடியாது.’

“இது எப்படித் தோணுச்சு உனக்கு?” என்று அடுத்த வாரம் கேட்டேன்.

“தாத்தாகிட்ட கேட்டேன்க்கா.”

அவளோடு வீட்டுக்குப் போனேன். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது. மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றில் கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்த குடும்பம். அப்பாவோடு சேர்ந்து சிறுவயதில் அந்த வேலை செய்திருக்கிறார். பிறகு செருப்பு, பிறகு கயிற்றுக் கட்டில். இப்போது கண் சரியில்லை. ஆனாலும் வேப்ப மரத்தடியில் பழைய கட்டில் சட்டம் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். “வாம்மா, நீயும் பாட்டு கேக்க வந்தியா?” என்று சிரித்தார். பேத்தி பாட்டை வாசித்துக் காட்டிப் பொருள் சொல்லியிருக்கிறாள் போல, அவருக்கு முழுப் பாட்டும் தெரிந்திருந்தது.

“அவசரத்துல எவனும் வேகமா தைக்க மாட்டாம்மா. வேகமா இழுத்தா வார் அறுந்துடும். இல்ல, ஊசி கையில ஏறும்” என்றார். பிறகு இடது கைப் பெருவிரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே பழைய தழும்பு. “வார் ஈரமா இருந்தா நல்லா வளையும், இழுக்கச் சுளுவு. காஞ்சா இறுகிக்கும். அதான் நனைச்சுத் தைக்கிறது. ஆனா மழை வுடாம அடிச்சா காயவே காயாது, தொளதொளன்னு கெடக்கும். கட்டி முடிச்சும் கட்டில் தொங்கும். அப்புறம் கட்டச் சொன்னவன் வந்து கத்துவான். வெளிச்சம் போச்சுன்னா தொளை தெரியாது. தடவித் தடவித்தான் குத்தணும். அந்த ஆளு வேகமா கட்டியிருக்கான்னா, பொண்டாட்டி அங்க வலியில கெடக்கிறா, போய்ச் சேரணும்னு கட்டியிருக்கான். கையில ரத்தம் வந்திருக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “கொழந்த பொறந்துச்சாமா?”

“பாட்டுல இல்ல தாத்தா” என்றாள் பேத்தி.

“அத எழுத மாட்டானுவ” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார்.

திரும்பி வரும்போது அவள் இன்னொரு கேள்வி கேட்டாள். அது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. “அக்கா, அந்தக் கட்டில் யாருக்கு?” திருவிழா தொடங்கிவிட்டது, கட்டில் அவசரமாக வேண்டும். தன் வீட்டில் பிரசவம் நடக்கும்போது யாரும் தனக்காகக் கட்டில் பின்ன மாட்டார்கள். அப்படியென்றால் யாரோ சொல்லி வைத்த வேலை. அந்த யாரோவும் பாட்டில் இல்லை. பாட்டில் இல்லாததைச் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று பேராசிரியர் சொல்வார், அது சரிதான். ஆனால் பாட்டில் உள்ள காட்சிக்குள் ஒருவர் மழையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்பது சேர்த்துச் சொல்வதாகுமா?

அரசனைப் பற்றியும் அவளுக்கு ஒரு பார்வை இருந்தது. ஓர் அரசனின் போரை அளக்கப் புலவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டிருக்கிறது. காற்றும் புலியும் மின்னலும் இருக்க, ஊர்க் கடைசியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவரின் கையைத்தான் சாத்தந்தையார் எடுத்திருக்கிறார். அந்தக் கையை உற்றுப் பார்க்காத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது. அப்படி உற்றுப் பார்த்தவர்தான் ‘இழிசினன்’ என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். 80-ஆம் பாட்டில், மல்லனை இவன் அடித்து வீழ்த்தியதை இவனுடைய தந்தை தித்தன் பார்க்கட்டும், பிடித்தாலும் சரி பிடிக்காவிட்டாலும் சரி என்கிற மாதிரி புலவர் சொல்கிறார். அப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை என்றே உரைகளும் சொல்கின்றன. “அவனுக்கும் வீட்டுல பிரச்சனைக்கா. சீக்கிரம் ஜெயிச்சாகணும். அதான் கட்டில் கட்றவர் ஞாபகம் வந்திருக்கு புலவருக்கு.” இதை எந்த உரையிலும் நான் பார்க்கவில்லை. சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் உவமையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்பது தெரிகிறது.

அந்த ஒரு சொல்லைப் பற்றி நாங்கள் நிறைய பேசினோம். சங்க காலத்தில் இன்றைய சாதி அப்படியே இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு, இல்லவே இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. ஜார்ஜ் ஹார்ட் போன்றவர்கள், பறை கொட்டுகிறவர், துணி வெளுக்கிறவர் போன்றோர் ஆபத்தான ஒரு தெய்வ ஆற்றலோடு புழங்குகிறவர்களாகக் கருதப்பட்டதால் ஒதுக்கப்பட்டார்கள் என்று வாதிட்டிருக்கிறார்கள். நம் ராஜ் கௌதமன் இந்தப் பாட்டுகளைத் தமிழ்ச் சமூகம் உருவான வரலாற்றோடு சேர்த்துப் படித்தார். தோழர்கள் அவருடைய ‘பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்’ நூலைத் தேடிப் படியுங்கள், பெரிய புத்தகம்தான், பரவாயில்லை. இந்த விவாதத்தில் எனக்கு ஒரு சார்பு உண்டு. ஆனால் அந்த விவாதம் முடியும்வரை அந்தச் சொல்லை எப்படி வாசிப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் அது திங்கட்கிழமை முதல் பீரியடில் வாசிக்கப்படுகிறது.

அதே சாத்தந்தையார் 287-ஆம் பாட்டில் துடி கொட்டுகிறவரையும் கோல் பிடித்து முழக்குகிறவரையும் ‘புலைய’, ‘இழிசின’ என்று நேரடியாகக் கூப்பிடுகிறார். போர்க்களம். அம்பு மழைபோல் விழுந்தாலும் வீரர்கள் ஓட மாட்டார்கள், மருத நிலத்து ஊர்களைப் பரிசாகப் பெறுவதெல்லாம் ஒரு பெரிதா, களத்தில் விழுந்தால் மேலுலக இன்பம் கிடைக்கும் என்று அவர்களிடம் சொல்வதாகப் பாட்டு. இதை மையத்தில் உரக்க வாசித்தோம். திட்டுவது போலவா, தோழனைக் கூப்பிடுவது போலவா, எந்தக் குரலில் வாசிப்பது? ஆளுக்கொரு குரலில் வாசித்துப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்தபோது அது அப்பட்டமான திட்டாகவே ஒலித்தது. இவள் வாசித்தபோது எதிரில் நிற்கிற ஒருவரிடம் பேசுவது போல இருந்தது. பிறகு அவளே நிறுத்தி, “விழுந்தவனுக்கு மேலுலகம்னா, அதே அம்பு மழையில நின்னு கொட்டுனவங்களுக்கு என்னக்கா?” என்று கேட்டாள். பாட்டில் பதில் இல்லை.

உரையோடு சண்டை போடுவது நமக்குப் புதிதில்லை என்று அவளுக்குச் சொன்னேன். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஆத்திசூடிக்கும் குறளுக்கும் அதுவரை சொல்லப்பட்ட பொருளை ஏற்காமல், பௌத்த மரபில் வைத்துத் தன் விளக்கத்தை எழுதினார். திருக்குறள் ஏட்டுச் சுவடியைத் தன் பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் கொடுத்து, அது எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் பண்டிதருக்கும் ஒரு பாட்டன் இருந்தார் என்பது இவளுக்குப் பிடித்திருந்தது.

இனி என் விஷயத்தில் நடந்த இன்னொன்று. புறநானூறு 311, ஔவையார் பாட்டு. களர் நிலத்தில் கூவல் தோண்டித் தினமும் துணி வெளுக்கிற புலைத்தி ஒருத்தி வருகிறாள். அவள் வெளுத்த வெள்ளை ஆடையைக் கட்டிக்கொண்டு ஒரு தலைவன் எருத் தூள் கிடக்கிற தெருவில் உட்கார்ந்து பலருடைய குறையையும் தீர்த்து வைக்கிறான். அவனுக்கு ஒன்று என்றால் உதவ ஒருவருமில்லை என்பது பாட்டு. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். “பாரு, நல்ல தண்ணிக் கெணத்துல விடல. அதான் களர் நிலத்துல தோண்டுறா” என்றேன். நல்ல வாதம். இரண்டு கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன்.

அவள், “கேட்டுட்டு எழுதுவோம்க்கா” என்றாள்.

எங்கள் காலனியின் கடைசியில் ஒரு குடும்பம் இருக்கிறது. புதிரை வண்ணார். மற்ற வண்ணார் ஊருக்கு வெளுப்பார்கள் என்றால், இவர்கள் நமக்கு வெளுப்பவர்கள், நம் வீட்டுப் பிறப்புக்கும் சாவுக்கும் வேலை செய்பவர்கள். அந்த வீட்டுப் பெரியவளுக்கு என் அம்மாவைவிட வயது அதிகம். காலனியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டேன். மாணவி போய், “ஆயா, உக்காருங்க, ஒரு பாட்டு பத்திக் கேக்கணும்” என்றதும் அந்த அம்மா திகைத்துப்போய் மையத்து வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றபடியே பதில் சொன்னார்.

“உவர் மண்ணுதாம்மா அழுக்க எடுக்கும். அந்தக் காலத்துல சோப்பு ஏது? உவர் மண்ணுல ஊறவச்சு, வெள்ளாவி வச்சு எடுத்தா பால் மாதிரி வரும். அதுக்காகத்தான் அந்த எடத்துக்குப் போறது.” பிறகு என்னைப் பார்த்து, “நல்ல கெணத்துலயும் உடமாட்டாங்கதான். ஆனா அங்க போறது மண்ணுக்காக” என்றார்.

பாட்டில் இருந்தது ஒரு தொழிலாளியின் தொழில் அறிவு. நான் அதைப் பார்க்காமல், எனக்குத் தெரிந்த ஒரே கதையை அங்கே வைத்துவிட்டேன். அந்தக் கதை பொய் இல்லை, அவரே சொல்கிறார். ஆனால் அந்த இடத்தில் பாட்டு சொன்னது அதுவல்ல.

“தெனமும் வெளுத்துக் குடுக்கிறா. அந்த ஆளு எருத் தெருவுல உக்காந்து ஒரே நாள்ல அழுக்காக்கிட்டான்” என்று மாணவி சொன்னபோது அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “எல்லாக் காலத்துலயும் அப்படித்தான்” என்றார். அவர் போன பிறகு மாணவி என்னிடம், “அக்கா, அவங்க ஏன் உள்ள வரல?” என்று கேட்டாள். கேள்விக்குப் பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். மையத்துச் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறோம், அதற்குக் கீழே ஒருத்தி வாசப்படி தாண்டாமல் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார். இப்போது வாரம் இரண்டு நாள் அவருடைய பேரன் மையத்துக்கு வருகிறான். முதல் வாரம் கடைசிப் பாயில் உட்கார்ந்தான். யாரும் அவனை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

அசைன்மெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். உள்தேர்வில் கைடு விடையையே எழுதினாள், “அங்க சண்டை போட நேரமில்லக்கா” என்றாள். அசைன்மெண்டில் அந்தப் பத்தியை நீக்கவில்லை. உரை சொல்வது இது, நான் வேறுபடுவது இங்கே, காரணம் இது என்று மூன்றாகப் பிரித்துத் திருத்தி எழுதிக் கொண்டுபோனாள். உரையாசிரியர் சொன்னதை மறைக்காமல் முதலில் வைத்ததுதான் வித்தியாசம். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேராசிரியர் படித்துவிட்டு, “தாத்தா சொன்னதை எப்படிம்மா ஆதாரமாகக் காட்டுவ?” என்று கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார் என்கிறாள். நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் பின்னால் தகவலாளர் பட்டியல் என்று ஒன்று இருக்கும். பெயர், வயது, ஊர், தொழில். அதுபோலப் போடு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதினாள். பெயர் எழுதியாயிற்று, வயது, ஊர் எழுதியாயிற்று. தொழில் என்ற இடத்தில் நிறுத்தி, “தாத்தா, என்னன்னு போட? கூலின்னு போடட்டுமா?” என்றாள். ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது.

“கூலி எதுக்கு? கட்டில் கட்றவர்னு போடு” என்றார்.

இரண்டாவது எண்ணில் அந்த அம்மாவின் பெயர், வெள்ளாவித் தொழில். பத்துக்கு ஏழு மதிப்பெண் வந்திருக்கிறது.